தாவரத் துணியில் கோட்-சூட்: துணி முதல் பட்டன் வரை முழுமையான வழிகாட்டி

‘100% லினன்’ என்று லேபிள் போட்ட ஒரு கோட்டை எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பாருங்கள். வழுவழுவென்று இருக்கும் லைனிங் பெரும்பாலும் பாலியெஸ்டர். நெஞ்சுப் பகுதியை விறைப்பாக நிறுத்துவது பசை வைத்து ஒட்டிய ஃப்யூசிங் துணி. அந்தப் பசையும் பிளாஸ்டிக் வகைதான். தோள் பஞ்சு, தையல் நூல், பட்டன், ஜிப்பின் பட்டை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போனால் செடியிலிருந்து வந்தது எதுவும் கண்ணில் படாமலே போகலாம். லேபிள் பொய் சொல்லவில்லை. அது வெளித்துணியைப் பற்றி மட்டும் பேசுகிறது. லினன் வாங்கியும் வியர்த்துக் கொட்டுவதற்கும், சில சலவைகளிலேயே நெஞ்சில் கொப்புளம் கிளம்புவதற்கும் காரணம் உள்ளேதான் இருக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டி துணியோடு நின்றுவிடாது. கோட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் அதே அக்கறையோடு பார்க்கும்.

1. முதலில், எங்கே உடுத்தப் போகிறீர்கள்?

கம்பளி மடிந்தாலும் ஒரு இரவு தொங்கவிட்டால் தானே நிமிர்ந்துகொள்ளும். தாவர நாருக்கு அந்தக் குணம் இல்லை. எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, மாலையிலும் மடிப்புக் கலையாமல் நிற்க வேண்டிய வேலை என்றால் சுத்த லினனைத் தவிர்த்து, அடர்த்தியான பருத்தி ட்வில் (சாய்வு வரி நெசவு) அல்லது லயோசெல் (மரக்கூழ் நார்) கலந்த துணியைப் பாருங்கள். பகல் விழாவுக்கும் வெயில் காலத்துக்கும் லினன், ஹெம்ப் (கஞ்சா இனச் செடியின் தண்டு நார்). தாவரத் துணி என்றாலே கோடைக்குத்தான் என்ற எண்ணம் தவறு. குளிருக்குப் பருத்தியிலேயே மோல்ஸ்கின் (மேற்பரப்பு மெத்தென்ற கனத் துணி) இருக்கிறது, கார்டுராய் (வரிவரியாக மேடிட்ட துணி) இருக்கிறது. இரவு விருந்துக்குப் பருத்தி வெல்வெட் கோட்டை விஞ்ச வேறு துணி தேட வேண்டியதில்லை.

2. நாரைப் புரிந்துகொள்ளுங்கள்

*லினன்.* ஆளிவிதை தரும் செடியின் தண்டிலிருந்து பிரித்தெடுக்கும் நார் இது. வடக்கு பிரான்ஸில் தொடங்கி பெல்ஜியம், நெதர்லாந்து வரை நீளும் கடலோர நிலம் இதற்குப் பேர்போனது. அங்கே பெரும்பாலும் மழைத் தண்ணீரிலேயே விளைகிறது. பிடுங்கிய தண்டை வயலிலேயே பரப்பி, பனியிலும் மழையிலும் சில வாரங்கள் ஊறவிட்டு நாரைப் பிரிக்கிறார்கள். ஆற்றிலோ குளத்திலோ ஊறப்போட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அந்தத் தண்ணீர் கெட்டுப்போகும். ஒரே லினனில் இரண்டு வழி இருப்பதால் நார் எப்படி ஊறவைக்கப்பட்டது என்று விற்பவரிடம் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

சாதாரண ஈரப்பதத்தில் லினன் தன் எடையில் சுமார் 12 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பருத்திக்கு அது 8 சதவீதம் அளவு, பாலியெஸ்டருக்கு 0.4 தான். லினன் குளுமையாக இருப்பதன் ரகசியம் இதிலும், நாரின் விறைப்பால் துணி உடம்போடு ஒட்டாமல் நிற்பதிலும் இருக்கிறது. நனைந்தால் அதன் வலு இன்னும் கூடும்.

அந்த விறைப்புக்கே ஒரு விலையும் உண்டு. லினன் நார் தன் நீளத்தில் 2, 3 சதவீதம் நீண்டாலே அறுந்துவிடும். வளைந்து கொடுக்காத நார் மடித்த இடத்தில் மடிந்தபடியே நிற்கும். கசங்கலைக் குறைக்க பாலியெஸ்டர் கலந்த துணியைச் சிபாரிசு செய்வார்கள், அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம். எடையைக் கூட்டுங்கள், அதுதான் சரியான மருந்து. சதுர மீட்டருக்கு 120 முதல் 180 கிராம் வரை உள்ளது சட்டைத் துணி. அதில் சூட் தைத்தால் காகிதம் போலக் கசங்கும். சூட்டுக்கு 240-க்குக் குறையாமல், முடிந்தால் 270 முதல் 320 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை எடுங்கள். கனமான லினன் மெல்லியதை விடச் சூடு என்று பயப்பட வேண்டாம். காற்று புகுவது நெசவின் இடைவெளியைப் பொறுத்தது. கனத் துணியில் கத்தி போன்ற மடிப்புக்குப் பதில் அகலமான, மெத்தென்ற அலைகள்தான் விழும். பார்க்கவும் அது அழகு.

எடையில் ஒரு பொறி இருக்கிறது. சிலர் சதுர மீட்டர் கணக்கில் சொல்வார்கள், சிலர் ஓடு மீட்டர் கணக்கில். 150 செ.மீ. அகலத் துணி ஒரு மீட்டர் 420 கிராம் என்றால் அது 280 ஜி.எஸ்.எம். எந்தக் கணக்கு என்று கேட்காமல் எடையை ஒப்பிடாதீர்கள்.

*ஹெம்ப்.* இதைத் தமிழில் சணல் என்று எழுதிவிடுகிறார்கள். சாக்குக்குப் போகும் சணல் ஜூட், அது வேறு செடி. ஹெம்ப் லினனுக்கு நெருங்கிய குணம் கொண்டது, தொடக்கத்தில் இன்னும் சொரசொரப்பு, துவைக்கத் துவைக்கப் பதமாகும். சுத்த ஹெம்ப் பேன்ட் முதல் சில வாரங்கள் தொடையில் உறுத்தலாம். 55 ஹெம்ப், 45 பருத்தி போன்ற கலவை நல்ல தொடக்கம்.

*பருத்தி.* சூட்டுக்கு 250 முதல் 320 ஜி.எஸ்.எம். ட்வில் அல்லது கேபர்டீன் (நெருக்கமாக நெய்த ட்வில்). குளிருக்கு 330-க்கு மேல் மோல்ஸ்கின். கார்டுராயில் வரிகளை அங்குலத்துக்கு இத்தனை என்று எண்ணுவார்கள். 8 என்றால் அகல வரி, முரட்டுத் தோற்றம். சூட்டாக உடுத்த 11 முதல் 14 வரை கச்சிதம். பருத்தி நிறையத் தண்ணீரும் பூச்சிமருந்தும் வாங்கக்கூடிய பயிர் என்பதால் இங்கே இயற்கை விவசாயச் சான்றுக்கு மற்ற எந்த நாரை விடவும் மதிப்பு அதிகம்.

*லயோசெல்.* மரக்கூழைக் கரைத்து இழுத்த நார். ஆஸ்திரியாவின் லென்சிங் நிறுவனம் டென்செல் என்ற பெயரில் விற்பது இந்த வகை. என்.எம்.எம்.ஓ. என்ற கரைப்பானை மூடிய சுற்றில் ஓட்டி, 99 சதவீதத்துக்கு மேல் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறை இது. சூட்டில் இதன் வேலை, துணிக்குத் தொய்வான விழுதல் கொடுப்பது. லினனோடு 30 முதல் 50 சதவீதம் கலந்தால் கசங்கல் மென்மையாகும். பலவீனம் ஒன்று உண்டு: ஈரத்தில் உரசினால் மேற்பரப்பில் நுண்ணிய இழைகள் கிளம்பி, அடர் நிறத்தில் வெளிறிய கோடுகள் தெரியும். கறை பட்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

*‘மூங்கில் துணி’.* இந்தச் சொல்லுக்கு முன் நின்று யோசியுங்கள். மூங்கில் தண்டை இயந்திர முறையில் உரித்த நார் மிக அரிது. கடையில் கிடைப்பது மூங்கில் கூழிலிருந்து செய்த விஸ்கோஸ். அதைச் செய்ய கார்பன் டைசல்ஃபைடு என்ற நச்சுப் பொருள் தேவை. ஆலை அதைப் பிடித்து மீட்கவில்லை என்றால் தொழிலாளிகளின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009-லேயே, ரேயானை (விஸ்கோஸுக்கு அங்கே வழங்கும் பெயர்) வெறுமனே மூங்கில் என்று விற்றவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. ‘மூங்கில்’ என்று மட்டும் எழுதி, விஸ்கோஸா லயோசெல்லா என்று சொல்லாத லேபிளை நம்பி வாங்காதீர்கள். மேலும் விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். பேன்ட்டுக்கு அது ஏற்றதல்ல.

மக்காச்சோளச் சர்க்கரையிலிருந்து வரும் பி.எல்.ஏ. நாரும் ‘தாவரத் துணி’ என்ற பெயரில் வருகிறது. லினனுக்கு வைக்கும் வெப்பத்தில் இஸ்திரி போட்டால் உருகிவிடும். சூட்டுக்கு வேண்டாம்.

3. லேபிளைப் படிக்கும் முறை

ஜி.ஓ.டி.எஸ். என்ற இயற்கை விவசாயத் துணிச் சான்றில் இரண்டு தரம் உண்டு. ‘ஆர்கானிக்’ என்று மட்டும் போட 95 சதவீதம் இயற்கை விவசாய நார் வேண்டும். ‘ஆர்கானிக் நாரால் செய்தது’ என்றால் 70 சதவீதம் போதும். நாரோடு சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை ஆகியவற்றுக்கும் இது விதி வைக்கிறது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது துணியில் தீங்கான ரசாயனம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. பாலியெஸ்டருக்கும் அது கிடைக்கும், எனவே அதை விவசாயச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மரக்கூழ் நாருக்கு எஃப்.எஸ்.சி. என்ற காட்டுப் பராமரிப்பு முத்திரையைத் தேடுங்கள். எந்தச் சான்றானாலும் உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைச் சான்று அமைப்பின் இணையப் பட்டியலில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும். எண் இல்லாத முத்திரை வெறும் படம்.

எலாஸ்டேன் என்ற இழுபடும் செயற்கை இழை 2 சதவீதம் இருந்தால்கூட துணியை மறுசுழற்சி செய்வது சிக்கலாகும், அதிக வெப்ப இஸ்திரியில் அந்த இழையும் நைந்துபோகும். உடுத்த வசதியாக இருக்க நல்ல வெட்டு போதும்.

4. கையால் செய்யும் சோதனைகள்

துணியின் ஒரு மூலையைக் கைக்குள் இறுக்கிப் பத்து வினாடி பிடித்து விடுங்கள். மெத்தென்ற அலைகள் விழுந்தால் நல்லது. எலும்பு போன்ற கூர்மையான வெள்ளைக் கோடுகள் விழுந்தால் துணி மெல்லியது, அல்லது கஞ்சியேற்றி விறைப்பு காட்டியிருக்கிறார்கள். அடர் நிறமா? வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பத்து முறை தேயுங்கள். சாயம் ஏறினால் அது நாளை உங்கள் சட்டைக் காலரில் ஏறும்.

தைத்த கோட்டில், முதுகு நடுத் தையலின் இரு பக்கத்தையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். தையலை ஒட்டி இழைகள் விலகி ஏணிப் படி போல இடைவெளி தெரிந்தால் அந்தத் துணி பேன்ட்டின் பின்பக்கத்தில் தாங்காது.

நார் மேல் சந்தேகம் இருந்தால், உள்தையல் விளிம்பிலிருந்து இரண்டு இழை பிரித்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்துங்கள். தாவர நார் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலில் பொடியாகும் சாம்பலை விடும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். கம்பளியும் பட்டும் முடி பொசுங்கும் நாற்றம் தரும். பருத்தியா, லினனா, விஸ்கோஸா என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது.

5. கோட்டின் உள்ளே

இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள். சூட் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

கீழ்ப் பட்டன் துளைக்கு அருகே வெளித்துணியையும் உள்துணியையும் தனித்தனியே விரலால் கிள்ளி மெல்ல விலக்குங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி தனியே நகர்ந்தால் அது தைத்து வைத்த கேன்வாஸ், அதாவது நெஞ்சுக்கு வடிவம் தரும் உள்துணி. வெளித்துணி விறைத்து, இரண்டு அடுக்கு மட்டுமே அகப்பட்டால் அது ஃப்யூசிங். பசை தாவரத் துணியில் விரைவில் தோற்கும். லினன் ஈரத்தை வாங்கி விரிந்து சுருங்கும், ஃப்யூசிங் அதே அளவு அசையாது. விலகிய இடம் கொப்புளமாகத் தெரியும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

கேன்வாஸிலும் ஒரு கேள்வி உண்டு. வழக்கமான கேன்வாஸில் குதிரைவால் முடியும் கம்பளியும் இருக்கும். முழுக்கத் தாவர நாரே வேண்டும் என்பவர்கள் ‘முடி கலக்காத லினன் கேன்வாஸ்’ என்று தெளிவாகக் கேளுங்கள். பலரும் மறக்கும் இன்னொரு இடம் காலரின் அடிப்பக்கம். அங்கே தைத்திருப்பது பெரும்பாலும் கம்பளி ஃபெல்ட் (நெய்யாமல் அழுத்திச் செய்த துணி). அதே சூட் துணியிலேயே அடிக்காலர் வெட்டச் சொல்லலாம்.

எல்லாவற்றையும் விட எளிய வழி, உள்வேலையைக் குறைப்பது. கேன்வாஸ் நெஞ்சோடு நின்று, தோள் பஞ்சு இல்லாமல், லைனிங் முதுகின் மேல்பாதியிலும் கைகளிலும் மட்டும் இருக்கும் கோட் தாவரத் துணிக்கு மிகப் பொருத்தம். உள்பக்கத் தையல் விளிம்புகள் நாடா கட்டி முடிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். லைனிங் இல்லாத கோட்டில் தையல்காரரின் நேர்மை அந்த விளிம்பில் தெரியும்.

லைனிங்குக்குக் குப்ரோ சிறந்தது. பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை நாரிலிருந்து செய்வது. ஜப்பானின் அசாஹி காசெய் இதை பெம்பெர்க் என்ற பெயரில் தருகிறது. கை வழுக்கிக்கொண்டு போகும், வியர்வையையும் வாங்கும். கைகளுக்குப் பருத்தி லைனிங் போட்டால் சட்டைக் கை சுருண்டு மேலே ஏறும்.

பட்டனுக்குத் தென்னமெரிக்கப் பனை வகையின் கொட்டையான கொரோசோ அருமையானது. கெட்டி, சாயம் பிடிக்கும், ஒவ்வொன்றிலும் மெல்லிய ரேகை தெரியும். தேங்காய்ச் சிரட்டைப் பட்டன் முரட்டு லினனுக்கு நன்றாகச் சேரும். நூல் விஷயத்தில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். பேன்ட்டின் இருக்கைத் தையலில் பருத்தி நூல் அறுந்துபோகும். லயோசெல் நூல் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் அந்த ஒரு தையலுக்குப் பாலியெஸ்டர் நூலே இருக்கட்டும். கிழிந்து குப்பைக்குப் போகும் பேன்ட்டை விட அது எவ்வளவோ மேல்.

6. வெட்டும் அளவும்

கம்பளியைத் தையல்காரர் ஆவியில் சுருக்கியும் இழுத்தும் உடம்புக்கு ஏற்ப வளைப்பார். லினனும் பருத்தியும் அதற்கு இசையாது. வடிவம் முழுவதும் வெட்டிலும் பிடிகளிலும் (துணியை மடித்துத் தைக்கும் டார்ட்) தான் வர வேண்டும். இதன் விளைவு முதலில் தெரிவது தோளில். கைத்துணியின் மேல்வட்டத்தைக் கைக்குழியை விடச் சற்றுப் பெரிதாக வெட்டி உள்ளே அடக்கித் தைப்பது வழக்கம். கம்பளியில் 3, 4 செ.மீ. வரை அடங்கும். லினனில் 1 முதல் 2 செ.மீ.க்கு மேல் போனால் தோள் முனையில் சுருக்கம் நிற்கும். தோள் சுருங்கியிருக்கும் ரெடிமேட் கோட்டை வாங்காதீர்கள், அது இஸ்திரியில் போகாது. தோளைச் சட்டைத் தோள் போலத் தைத்து, சிறு சுருக்கங்களை வேண்டுமென்றே விடும் இத்தாலிய முறை ஒன்று உண்டு. லினனின் குணத்தோடு அது ஒத்துப்போகும்.

லினன் கை ஒரு மணி நேரம் உடுத்தியதும் முழங்கையில் மடிந்து சுமார் 1 செ.மீ. குட்டையாகும். கம்பளிக் கோட்டில் சட்டைக் கை 1.5 செ.மீ. வெளியே தெரிய வைப்பவர், லினனில் 0.5 செ.மீ. மட்டும் தெரியும்படி வையுங்கள். மீதியை மடிப்பே பார்த்துக்கொள்ளும்.

பேன்ட்டை ஒட்ட வெட்டாதீர்கள். தாவரத் துணி முட்டியில் உப்பினால் தானே திரும்பாது. இடுப்பு உயரமாக, முன்னால் ஒரு ப்ளீட் (இடுப்பில் மடித்துத் தைத்த கொசுவம்), தொடையில் தாராளம் என்றால் துணிக்கு இழுபடும் வேலையே வராது. முன்பக்கம் முட்டி வரை லைனிங் வையுங்கள். கீழே 4 முதல் 5 செ.மீ. மடிப்புப் பட்டை வைத்தால் அந்த எடையே துணியைக் கீழே இழுத்து நேராக நிறுத்தும்.

7. நிறமும் தோற்றமும்

லினனில் அழகு இடைநிறங்களில் இருக்கிறது: மணல், புகையிலைப் பழுப்பு, ஆலிவ், மங்கிய நீலம். சாயமேற்றாத ஆளி நாரின் சாம்பல் கலந்த பழுப்பே ஒரு தனி நிறம், அதற்குச் சாயத் தொட்டியும் தேவையில்லை. கறுப்பு லினனைத் தவிர்ப்பது நல்லது. மடிப்பு விளிம்புகளில் முதலில் வெளுத்து, சீக்கிரமே பழசாகத் தெரியும். கறுப்பு வேண்டுமென்றால் பருத்தி வெல்வெட்டில் எடுங்கள். லேப்பல் (கோட்டின் முன்பக்கம் மடிந்து விழும் பட்டை) 8.5 முதல் 9.5 செ.மீ., ஒற்றை வரிசைப் பட்டன், மேலே ஒட்டிய பை ஆகிய மூன்றும் இருந்தால் கசங்கல் குறையாகத் தெரியாமல் தோற்றத்தின் பகுதியாகிவிடும். கோட்டையும் பேன்ட்டையும் தனித்தனியே உடுத்தக்கூடிய நிறமாக எடுத்தால் சூட் அலமாரியில் தூங்காது.

8. துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தால்

150 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு சூட்டுக்கு 3.5 மீட்டர், கட்டம் போட்ட துணி என்றால் அரை மீட்டர் கூடுதல். வெட்டுவதற்கு முன் சுருக்கம் பார்ப்பது கட்டாயம். 25 செ.மீ. சதுரத் துண்டில் 20 செ.மீ. சதுரம் வரைந்து, துவைத்துக் காயவைத்து மீண்டும் அளந்து பாருங்கள். 19 செ.மீ. வந்தால் 5 சதவீதச் சுருக்கம். பாவு (நீளவாட்டு இழை), ஊடு (குறுக்கிழை) இரண்டு பக்கமும் தனித்தனியே அளக்க வேண்டும், சுருக்கம் ஒன்றுபோல் இருக்காது. 2 சதவீதத்துக்கு மேல் வந்தால் முழுத் துணியையும் நனைத்துக் காயவைத்த பிறகே கத்தரி படட்டும். இடுப்பின் பின் தையலில் 3 செ.மீ. உள்துணி விடச் சொல்லுங்கள். உடம்பு ஏறினாலும் சூட் கூடவே வரும்.

9. உடுத்திய பிறகு

ஒரு நாள் உடுத்தினால் ஒரு நாள் ஓய்வு. தோளில் 4, 5 செ.மீ. தடிமனுள்ள ஹேங்கரில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். லினனை ஈரம் இருக்கும்போதே, உள்பக்கமாகத் திருப்பி, 200 டிகிரி வரை, அதாவது இஸ்திரிப் பெட்டியின் மூன்று புள்ளிக் குறியில் இஸ்திரி போடலாம். காய்ந்த பிறகு வெளிப்பக்கம் அழுத்தினால் தையல் மேடுகளில் பளபளப்பு ஏறும், பிறகு அது போகாது. லயோசெல் கலந்திருந்தால் இரண்டு புள்ளி, 150 டிகிரியோடு நிறுத்துங்கள்.

கேன்வாஸும் லைனிங்கும் இல்லாத கோட்டை 30 டிகிரித் தண்ணீரில் கையால் அலசலாம், முறுக்கிப் பிழியக்கூடாது. கேன்வாஸ் உள்ள கோட்டைத் தண்ணீரில் போடாதீர்கள். கோட்டும் பேன்ட்டும் எப்போதும் சேர்ந்தே சலவைக்குப் போகட்டும், இல்லையென்றால் நிறம் இரண்டாகப் பிரியும்.

கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சி தாவர நாரைத் தொடாது. ஆனால் சில்வர்ஃபிஷ் பூச்சிக்குக் கஞ்சியும் தாவர நாரும் நல்ல தீனி. கஞ்சி போட்ட சூட்டை மாதக்கணக்கில் மடித்து வைக்காதீர்கள். ஈரம் முழுக்கப் போகாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும், பருத்தி உறை போதும்.

தைத்த பிறகு மிஞ்சும் துணியில் இரண்டு கை அகலத் துண்டைத் தையல்காரரிடமிருந்து மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதை அலமாரியில் புதிதாகவே வைக்காமல், சூட் சலவைக்குப் போகும்போதெல்லாம் கூடவே அனுப்புங்கள். மூன்று வருடம் கழித்து முழங்கையில் ஒட்டுப் போடும் நாளில், சூட்டோடு சேர்ந்து வெளுத்த அந்தத் துண்டுதான் நிறத்தில் ஒத்துப்போகும்.